சான்றிதழில் இல்லாத கையெழுத்து
கனி, காய்கறி வணிகமும் பெருநிறுவனங்களின் ‘சமூகப் பொறுப்பும்’

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெருநகரப் பேரங்காடிகளில் விற்கப்படும் பழங்களின் மேல் சிறு வில்லை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அவற்றுள் சிலவற்றில் நிறுவனத்தின் பெயரோடு பச்சைத் தவளை போன்ற ஒரு சின்னமும் காணப்படும். காட்டை அழிக்காமலும், நீரை நஞ்சாக்காமலும், தொழிலாளரை வதைக்காமலும் இப்பழம் விளைவிக்கப்பட்டது என்று அச்சின்னம் உறுதி கூறுகிறது. ‘பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு’, ‘சுற்றுச்சூழல் பொறுப்பு’ என்னும் பெயர்களில் உலகெங்கும் கட்டப்பட்டிருக்கும் பெரியதோர் ஏற்பாட்டின் கண்ணுக்குத் தெரியும் நுனி அந்த வில்லை.

இவ்வேற்பாட்டைப் பற்றி இடதுசாரி இயக்கத்தினுள் இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. எல்லாம் விளம்பரம், இதில் தலையிடுவதே வீண் என்பது ஒன்று. சட்டம் எட்டாத இடத்தில் சிறிதளவேனும் பயன்படுகிறது, ஆகவே வரவேற்கலாம் என்பது மற்றொன்று. ஏற்றுமதித் தோட்டங்களிலும், பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் கூடங்களிலும் சங்கம் அமைக்க முயலும் தோழர்களுக்கு இது ஏட்டளவிலான விவாதம் அன்று. நிறுவனத்தின் ‘நடத்தை விதிகளை’ ஏந்தியவாறு தணிக்கையாளர் தோட்டத்திற்கு வரும் நாளில் சங்கம் என்ன நிலை எடுப்பது என்னும் நடைமுறைக் கேள்வி அவர்கள் முன் நிற்கிறது. அதற்கான விடையைப் பழ வணிகத்தின் வரலாற்றிலிருந்தே தேட வேண்டும்.

அழுகும் பண்டத்தின் பொருளாதாரம்

நெல்லையும் கோதுமையையும் கிடங்கில் வைத்து விலைக்காகக் காத்திருக்கலாம். வாழையும் தக்காளியும் திராட்சையும் காத்திருக்க மாட்டா. பறித்த நாள் முதல் அவற்றின் மதிப்பு குறைந்துகொண்டே போகிறது. எனவே விலை பேசும் வலிமை விளைவிப்பவரிடம் இருப்பதில்லை. வாங்குபவரிடம் போய்ச் சேர்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காய், கனிகளின் சில்லறை விற்பனையில் பெரும்பகுதி ஒருசில பேரங்காடித் தொடர்களின் பிடியில் உள்ளது. அவை விலையைக் குறைக்கச் சொல்லும்போது ஏற்றுமதியாளர் தோட்டக்காரரை நெருக்குகிறார். தோட்டக்காரர் கூலியைக் குறைக்கிறார். பெரும்பாலும் கையால் பறிக்க வேண்டிய பயிர்கள் இவை. இடுபொருள் விலையைக் குறைக்கும் ஆற்றல் தோட்டக்காரருக்குக் கிடையாது. நெருக்கடி முழுவதும் கூலியின் மீது இறங்குவது இதனாலேயே.

அதே அழுகும் தன்மை தொழிலாளருக்கும் ஒரு வலிமையைத் தருகிறது. அறுவடைப் பருவத்தில் சில நாள்கள் வேலை நின்றால் கப்பல் வெறுமையாகப் புறப்படும். முதலாளியின் ஓராண்டு லாபம் மரத்திலேயே கெட்டுப்போகும். சங்கம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பழக் கம்பெனிகள் துப்பாக்கியைத் தேடி ஓடிய வரலாற்றின் பொருளாதார வேர் இங்கே இருக்கிறது.

வாழைப்பழத்தின் நூற்றாண்டு

1899-இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட யுனைடெட் ஃபுரூட் கம்பெனி மத்திய அமெரிக்காவிலும் கொலம்பியாவிலும் பரந்த நிலங்களையும், இருப்புப் பாதைகளையும், துறைமுகங்களையும் தன் வசப்படுத்தியது. 1928 நவம்பரில் கொலம்பியாவின் சாந்தா மார்த்தா வட்டாரத்தில் அக்கம்பெனியின் வாழைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். விபத்துக்கு இழப்பீடு, ஞாயிறு விடுப்பு, சுகாதாரமான குடியிருப்பு, மருத்துவமனை, கூலி உயர்வு, கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும் சீட்டுகளைக் கூலியாகக் கொடுக்கும் முறையின் ஒழிப்பு ஆகியவை அவர்தம் கோரிக்கைகளுள் அடங்கும். கம்பெனி அளித்த பதில் கவனத்திற்குரியது. இவர்கள் ஒப்பந்தக்காரர்கள் அமர்த்திய ஆள்கள், எம் தொழிலாளர்கள் அல்லர் என்று அது வாதிட்டது. டிசம்பர் 6 அன்று சியெனாகா நகரச் சதுக்கத்தில் திரண்டிருந்த தொழிலாளர் மீதும் அவர்தம் குடும்பத்தார் மீதும் இராணுவம் சுட்டது. மாண்டோர் 47 பேர் என்று தளபதி கணக்குக் காட்டினார். ஆயிரத்திற்கும் மேல் என்பது அமெரிக்கத் தூதரகம் தன் அரசுக்கு அனுப்பிய செய்தி. கப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் ‘நூறாண்டுத் தனிமை’ நாவலில் இடம்பெறும் படுகொலைக்கு மூலம் இந்நிகழ்வே.

குவாட்டமாலாவில் 1952-இல் ஹகோபோ ஆர்பென்ஸின் அரசு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டு வந்தது. யுனைடெட் ஃபுரூட் தரிசாகப் போட்டு வைத்திருந்த நிலத்தை எடுத்துக்கொண்டு, வரிக் கணக்கில் கம்பெனியே குறிப்பிட்டிருந்த மதிப்பின்படி சுமார் 6.27 லட்சம் டாலர் இழப்பீடு அளிக்க முன்வந்தது. கம்பெனியின் சார்பில் அமெரிக்க அரசு கேட்ட தொகை சுமார் 1.58 கோடி டாலர். அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், சி.ஐ.ஏ.வின் தலைவர் அவருடைய தம்பி ஆலன் டல்லஸ். இருவரும் முன்னர்ப் பணியாற்றிய சட்ட நிறுவனம் அதே கம்பெனிக்காக வாதாடியது. 1954 ஜூனில் ஆர்பென்ஸ் அரசு கவிழ்க்கப்பட்டது.

மண்ணுக்கும் உடலுக்கும் நேர்ந்தது இன்னொரு கதை. டி.பி.சி.பி. என்னும் புழுக்கொல்லி உற்பத்தியில் ஈடுபட்ட கலிபோர்னிய ஆலைத் தொழிலாளர் பலர் மலடாகியிருப்பது 1977-இல் கண்டறியப்பட்டது. டவ் கெமிக்கல் நிறுவனம் விநியோகத்தை நிறுத்த முற்பட்டபோது, டோல் என்னும் பெயரில் பழம் விற்ற நிறுவனம் ஒப்பந்தத்தை மீறுவதாகும் என்று எச்சரித்து மருந்தைத் தொடர்ந்து பெற்றது. அது மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் தெளிக்கப்பட்டது. மலடான வாழைத் தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் பல நாடுகளின் நீதிமன்றப் படிகளில் பல்லாண்டுகள் காத்துக் கிடந்தனர்.

பிரான்ஸின் ஆட்சிக்குட்பட்ட மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளில் 1972 முதல் 1993 வரை வாழைக்குக் குளோர்டெகோன் என்னும் பூச்சிக்கொல்லி இடப்பட்டது. பிரான்ஸ் அதனை 1990-இல் தடை செய்தது. தோட்ட முதலாளிகளின் பொருட்டுத் தீவுகளுக்கு மட்டும் விதிவிலக்கு நீட்டிக்கப்பட்டது. அத்தீவுகளில் வயது வந்தோருள் 90 விழுக்காட்டிற்கும் மேலானவர்களின் இரத்தத்தில் அந்நஞ்சு இருப்பதாகப் பிரெஞ்சு அரசின் பொதுச் சுகாதார நிறுவனமே கண்டறிந்தது. காலம் கடந்துவிட்டது முதலிய காரணங்களைக் காட்டி 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் குற்ற வழக்கை முடித்து வைத்தனர்.

சான்றிதழும் துப்பாக்கியும்

யுனைடெட் ஃபுரூட் பின்னாளில் சிக்கீட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயரோடு நடத்தையும் மாறியதாக அது உலகுக்கு அறிவித்தது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்னும் சூழலியல் அமைப்புடன் சேர்ந்து 1992-இல் தொடங்கிய திட்டத்தின் வழியே, 2000 வாக்கில் லத்தீன் அமெரிக்காவில் தனக்குச் சொந்தமான தோட்டங்கள் அனைத்துக்கும் சான்றிதழ் பெற்றது. ஆற்றோரங்களில் மரம் நட்டது, நெகிழிப் பைகளைத் திரும்பச் சேகரித்தது, மருந்துப் பயன்பாட்டைக் குறைத்தது ஆகியவை வெறும் கட்டுக்கதைகள் அல்ல; நடந்தவை. 2000 ஆம் ஆண்டுக்கெனத் தனிப் ‘பொறுப்பறிக்கை’ வெளியிட்டு, முதலீட்டாளர் உலகின் பாராட்டையும் பெற்றது.

2001 ஜூன் மாதத்தில் ஜெனீவாவில், சர்வதேச உழைப்பாளர் அமைப்பின் தலைவர் முன்னிலையில், உணவுத் தொழிலாளர் சங்கங்களின் உலகக் கூட்டமைப்போடும் லத்தீன் அமெரிக்க வாழைத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான கோல்சிபாவோடும் சிக்கீட்டா உடன்படிக்கை செய்துகொண்டது. சங்கம் சேரும் உரிமையை அந்த உடன்படிக்கை ஏற்றது. பழக் கம்பெனியிடமிருந்து இதைப் பெற்றது தொழிலாளருக்குச் சிறிய வெற்றி அன்று. பல்லாண்டு வேலைநிறுத்தங்களும் எல்லை கடந்த ஒற்றுமையும் அதன் பின்னால் இருந்தன.

அதே ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் கொலம்பியக் கிளை வேறொரு கணக்கையும் பராமரித்து வந்தது. 1997 முதல் 2004 வரை, தொழிற்சங்கத்தினரையும் விவசாயிகளையும் இடதுசாரிகளையும் கொன்று குவித்த வலதுசாரி ஆயுதப் படையான ஏ.யூ.சி.க்கு நூற்றுக்கும் மேற்பட்ட தவணைகளில் 17 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தது. ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தாகி ஐந்தே மாதங்களில், 2001 நவம்பரில், அப்படைக்கான 3000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் துர்போ துறைமுகத்தில் அக்கிளை நிறுவனத்தின் வழியே இறக்கப்பட்டதை அமெரிக்க நாடுகள் அமைப்பின் விசாரணை பதிவு செய்துள்ளது. 2007-இல் சிக்கீட்டா அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. மிரட்டலுக்குப் பணிந்து கொடுத்த கப்பம் என்பது அதன் வாதம். 2024 ஜூனில் ஃப்ளோரிடா நடுவர் குழு அந்த வாதத்தை ஏற்கவில்லை. எட்டுப் பேரின் கொலைகளுக்கு நிறுவனம் பொறுப்பு என்று கூறி, அவர்தம் குடும்பங்களுக்கு 3.83 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது.

தோட்டங்களில் மரம் நடப்பட்டதும் உண்மை. கொலைப் படைக்குப் பணம் போனதும் உண்மை. தணிக்கையாளர் எண்ணி வந்தவை மரங்களும் மருந்துப் புட்டிகளும் கழிவறைகளும். சங்கத் தலைவர் ஏன் நேற்றிரவு வீடு திரும்பவில்லை என்னும் கேள்விக்கு அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை.

இது பழங்கதை என்று கருதுவோர் 2025-ஐப் பார்க்கலாம். பனாமாவின் போகாஸ் தெல் தோரோ மாகாணத்தில், அரசின் ஓய்வூதியச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து வாழைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நீதிமன்றம் அதனைச் சட்டவிரோதம் என்றது. சிக்கீட்டா ஏறத்தாழ 5000 தொழிலாளரைப் பணிநீக்கம் செய்தது. பொறுப்பறிக்கைகள் வெளியிட்டுக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னர் நடந்தது இது.

பரிசோதகர் யாருடைய ஆள்?

‘மூலதனம்’ முதல் தொகுதியில் வேலைநாளைப் பற்றிய அத்தியாயத்தை எழுதிய மார்க்ஸ், இங்கிலாந்தின் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் பயன்படுத்தினார். அவர்களுள் லியோனார்ட் ஹார்னர் மீது அவருக்குப் பெருமதிப்பு இருந்தது. அந்த ஆய்வாளர்கள் புரட்சியாளர்கள் அல்லர், அரசு அதிகாரிகள். ஆயினும் அவர்களை நியமித்தது சட்டம், ஊதியம் கொடுத்தது அரசுக் கருவூலம். ஆலை முதலாளியை நீதிமன்றத்தில் நிறுத்தும் அதிகாரமும் அவர்களிடம் இருந்தது.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. 1863-இல் ஸ்டாஃபோர்ட்ஷயரின் 26 மட்பாண்ட நிறுவனங்கள், குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றும்படி அரசிடம் மனுச் செய்தன. தாமாக வேலை நேரத்தைக் குறைத்தால் போட்டியில் அழிந்துவிடுவோம், எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்பது அவை கூறிய காரணம். நல்லெண்ணம் கொண்ட முதலாளி ஒருவர் இருந்தாலும் போட்டியின் நிர்ப்பந்தத்தை அவரால் வெல்ல முடியாது என்பதை முதலாளிகளே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம் அது. தாமாக ஏற்கும் பொறுப்பு என்னும் கோட்பாட்டுக்கு நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்த மறுப்பு.

இன்றைய சமூகத் தணிக்கையாளர் தனியார் நிறுவனத்தின் ஊழியர். பெரும்பாலும் அவருக்குக் கட்டணம் செலுத்துவது தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனமே. கடுமையாக எழுதினால் அடுத்த ஆண்டு வேறு நிறுவனம் அழைக்கப்படும். சிக்கீட்டா தன் தோட்டங்களுக்குப் பெற்ற தொழிலாளர் நலச் சான்றிதழ்களுள் ஒன்று எஸ்.ஏ. 8000. கராச்சியில் ஓர் ஆயத்த ஆடை ஆலைக்கு 2012 ஆகஸ்டில் அதே சான்றிதழ் வழங்கப்பட்டது. செப்டம்பர் 11 அன்று அந்த ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர்.

இமோகலியில் எழுதப்பட்ட ஒப்பந்தம்

இதுவரை கூறியவற்றால், முதலாவது கருத்தே சரி, தலையிடுவது வீண் என்று முடிவு கட்டத் தோன்றும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துத் தக்காளித் தொழிலாளரின் அனுபவம் அந்த முடிவைத் தடுக்கிறது.

இமோகலி என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள வயல்களில் மெக்சிகோ, குவாட்டமாலா, ஹைத்தி நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் தக்காளி பறிக்கின்றனர். சுமார் 14.5 கிலோ பிடிக்கும் வாளி ஒன்றுக்கு ஐம்பது சென்ட் அளவில் கூலி. குறைந்தபட்சக் கூலியை ஈட்டவே ஒரு நாளில் இரண்டு டன்னுக்கு மேல் பறிக்க வேண்டியிருந்தது. தொழிலாளரைச் சரக்கு வண்டியில் பூட்டிவைத்து வேலை வாங்கிய இருவருக்கு 2008-இல் தலா 12 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சங்க உரிமைக்கான 1935 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் விவசாயத் தொழிலாளரை விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே வழக்கமான கூட்டுப் பேரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை.

1993-இல் திரளத் தொடங்கிய இமோகலித் தொழிலாளர் கூட்டமைப்பு முதலில் தோட்ட முதலாளிகளை எதிர்த்து வேலைநிறுத்தங்களும் உண்ணாநிலைப் போராட்டமும் நடத்தியது. தோட்ட முதலாளியின் கையைக் கட்டியிருக்கும் விலை மேலிருந்து வருகிறது என்பதை அப்போராட்டங்களில் கண்டுகொண்டது. 2001-இல் டாக்கோ பெல் என்னும் உணவக நிறுவனத்தைப் புறக்கணிக்குமாறு நாடு தழுவிய அறைகூவல் விடுத்தது. மாணவர்களும் தேவாலயச் சபைகளும் தொழிற்சங்கங்களும் துணை நின்றன. நான்காண்டுகளுக்குப் பின் 2005-இல் அந்நிறுவனம் பணிந்தது. 2007-இல் மெக்டொனால்ட்ஸ், 2008-இல் பர்கர் கிங். 2010 நவம்பரில் ஃப்ளோரிடாவின் தக்காளி விளைவிப்போர் சங்கமே கையெழுத்திட்டது. 2014-இல் வால்மார்ட்டும் சேர்ந்தது. மாநிலத்தின் தக்காளி உற்பத்தியில் 90 விழுக்காட்டிற்கும் மேல் இவ்வேற்பாட்டினுள் வந்தது.

இதன் உள்ளடக்கத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வாங்கும் நிறுவனம் ஒவ்வொரு பவுண்டு தக்காளிக்கும் ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுக்கிறது. அது தொழிலாளரின் கூலிச் சீட்டில் தனி வரியாக வருகிறது. விதிகளை எழுதியவர்கள் தொழிலாளர். வேலை நேரத்திலேயே, கூலியோடு, தொழிலாளரே தொழிலாளருக்கு அவ்விதிகளைக் கற்பிக்கின்றனர். இருபத்து நான்கு மணி நேரமும் புகார் கூறத் தொலைபேசி உண்டு. புகார் கூறியவரைப் பழிவாங்குவது குற்றம். பாலியல் வன்முறையையோ கொத்தடிமை முறையையோ அனுமதிக்கும் தோட்டத்திலிருந்து கையெழுத்திட்ட நிறுவனங்கள் எவையும் தக்காளி வாங்கக்கூடாது. கடைசி விதிதான் ஏனைய விதிகளுக்கு உயிர். மீறினால் சந்தை மூடப்படும் என்னும் நிலை ஏற்பட்ட பின்னரே வயலில் நிழற்கூடமும் குடிநீரும் வந்தன, மேற்பார்வையாளரின் கையும் வாயும் அடங்கின.

இதற்கு எல்லைகள் உண்டு. வெண்டிஸ் போன்ற பெருநிறுவனங்கள் இன்றளவும் கையெழுத்திட மறுக்கின்றன. அரசுச் சட்டத்தின் இடத்தை இது நிரப்பிவிடாது; உடைமை உறவுகளை இது தொடவில்லை. ஆயினும் சிக்கீட்டாவின் சான்றிதழுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. அங்கே நிறுவனம் உலகுக்கு வாக்குக் கொடுத்தது. இங்கே நிறுவனம் தொழிலாளரிடம் கையெழுத்திட்டது. வாக்குத் தவறினால் அறிக்கையில் ஒரு பத்தி மாறும். ஒப்பந்தம் தவறினால் தக்காளி விற்காது.

இந்தியச் சட்டமும் நாசிக் திராட்சையும்

நம் நாடு ‘சமூகப் பொறுப்பை’ச் சட்டமாக்கியிருப்பதாகப் பெருமை பேசப்படுகிறது. 2013 ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் பிரிவு 135 அது. ரூ.500 கோடி நிகர மதிப்போ, ரூ.1000 கோடி விற்றுமுதலோ, ரூ.5 கோடி நிகர லாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இதற்கான விதிகளில் உள்ள விலக்குகளுள் இரண்டு கவனத்திற்குரியவை. நிறுவனத்தின் வழக்கமான தொழில் நடவடிக்கை இக்கணக்கில் வராது. நிறுவனத்தின் ஊழியருக்குப் பயன்தரும் நடவடிக்கையும் வராது.

கணக்கை ஏமாற்றாதிருக்க இவ்விலக்குகள் தேவை என்று விளக்கம் கூறப்படும். அதில் நியாயமும் உண்டு. ஆனால் விளைவு என்ன? பழம் வாங்கும் நிறுவனம் விவசாயிக்கு என்ன விலை கொடுத்தது, பெட்டி அடைக்கும் கூடத்தில் பெண்களுக்கு என்ன கூலி கொடுத்தது, நிலத்தடி நீரை எவ்வளவு உறிஞ்சியது என்பவற்றை இந்தப் ‘பொறுப்பு’ கேட்பதே இல்லை. லாபம் கைக்கு வந்த பின்னர் இந்தச் சட்டம் விழிக்கிறது. லாபம் உண்டாகும் இடத்தில் உறங்குகிறது. கோயில் உண்டியலில் போடும் காசுக்கு அளவு நிர்ணயித்துவிட்டு, கடைத் தராசைச் சோதிக்காமல் விடுவதற்கு ஒப்பானது இது.

மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குத் திராட்சை ஏற்றுமதியாகிறது. ஐரோப்பியப் பேரங்காடிகள் 1997-இல் தொடங்கி, இன்று குளோபல் கேப் என்று அழைக்கப்படும் தரச் சான்றிதழை ஏற்றுமதித் தோட்டக்காரர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆய்வுக் கட்டணம், பதிவேடுகள், மருந்துக் கிடங்கு, எச்சப் பரிசோதனை ஆகிய செலவுகள் விவசாயிகளின் பக்கமே விழுகின்றன. சான்றிதழ் இருப்பதால் கூடுதல் விலைக்கு உறுதி இல்லை. இல்லாவிட்டால் வாசல் அடைபடும்.

2010-இல் இவ்வமைப்பின் முகம் வெளிப்பட்டது. குளோர்மெக்வாட் என்னும் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தின் எச்சம், கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்னும் ஐரோப்பிய வரம்பைத் தாண்டியதாகக் கூறித் திராட்சைச் சரக்குகள் நிராகரிக்கப்பட்டன. ஏற்றுமதிக்கு முந்தைய பரிசோதனைப் பட்டியலில் அம்மருந்து இடம்பெற்றிருக்கவில்லை. பட்டியல் தயாரித்தவர் வேறு, வாங்கியவர் வேறு. கடன் மட்டும் விவசாயியின் தலையில் நின்றது.

விவசாயிக்கும் கீழே ஒருவர் இருக்கிறார். கவாத்து செய்தல், கொத்துகளை மருந்தில் நனைத்தல், காய் நெருக்கத்தைக் குறைத்தல் போன்ற வேலைகளுக்குச் சுர்காணா, பேட் முதலிய பழங்குடி வட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணும் குடும்பமாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு வருகின்றனர். ஏக்கருக்கு இவ்வளவு என்று குழுவாகப் பேசிக்கொள்ளும் கூலி. 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பைக்குக் கொப்புளித்த பாதங்களோடு நடந்த நெடும்பயணத்தில் திரண்டவர்கள் இத்தகைய வட்டங்களின் மக்கள். வன நிலத்தின் மீது உரிமை கிடைக்காததால் பிறர் தோட்டத்தில் கூலிக்கு நிற்பவர்கள்.

ஐரோப்பாவுக்குப் போகும் திராட்சை மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு வரை சோதிக்கப்படுகிறது. அதே மருந்தைத் தெளித்தவரின் இரத்தம் சோதிக்கப்படுவதில்லை. குளோபல் கேப் சான்றிதழில் தொழிலாளர் நிலையை மதிப்பிடும் பகுதி, விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் தனி இணைப்பாகவே உருவாக்கப்பட்டது. தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடையும் மருத்துவப் பரிசோதனையும் அளிக்கக் கட்டளையிடும் பூச்சிக்கொல்லி விதிகள் 1971 முதல் நம் சட்டப் புத்தகத்தில் உள்ளன. நிறைவேற்ற ஆளில்லை. தனியார் சான்றிதழ் செழிப்பதும் அரசின் ஆய்வாளர் பணியிடம் காலியாகக் கிடப்பதும் ஒரே கொள்கையின் இரு விளைவுகள்.

நான்கு கேள்விகள்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய நடைமுறைக் கேள்விக்கு வரலாம். விதித்தொகுப்பு எதுவாயினும் சங்கம் அதனிடம் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். எழுதியவர் யார்? செலவை ஏற்பவர் யார்? சோதிப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? மீறினால் என்ன நடக்கும்? சிக்கீட்டாவின் தவளைச் சின்னம் இந்நான்கிலும் தோற்கிறது. இமோகலி ஒப்பந்தம் நான்கிலும் நிற்கிறது. பெரும்பாலானவை இடையில் இருக்கும். அவற்றைத் தூக்கி எறிவதும் தலைமேல் வைப்பதும் தவறு. நிறுவனம் தானே கையெழுத்திட்ட தாளைத் தொழிலாளரின் மொழியில் பெயர்த்து, பத்தி பத்தியாக அவர்கள் நடுவே வாசித்துக் காட்டுவது முதல் பணி. குடிநீர், கழிவறை, பாதுகாப்பு உடை, சங்கம் சேரும் உரிமை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். எழுதப்பட்டதைக் கேட்பது போராட்டத்தின் தொடக்கப் படி.

இரண்டாவது பணி, விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே கோரிக்கையில் இணைவது. மூன்று ஏக்கர் திராட்சை வைத்திருப்பவரிடம் மட்டும் கூலி உயர்வு கேட்டால் இருவரும் மோதிக்கொள்வர், பேரங்காடி சிரிக்கும். கூலிக்கான கூடுதல் பணத்தை வாங்கும் நிறுவனமே கிலோ கணக்கில் தர வேண்டும், சான்றிதழ்ச் செலவையும் அதுவே ஏற்க வேண்டும் என்று இரு சங்கங்களும் சேர்ந்து கேட்கும்போது மோதலின் திசை மாறுகிறது. இதன் பொருள் குறைந்தபட்சக் கூலிக் கோரிக்கையை ஒத்திவைப்பதன்று. சட்டக் கூலியை இன்றே பெற்று, விலையை மேலிருந்து வாங்குவதாகும். ஒப்பந்தச் சாகுபடித் தகராறுகளை உரிமையியல் நீதிமன்றத்திலிருந்து விலக்கிய 2020 ஆம் ஆண்டுச் சட்டத்தை, ஓராண்டு தில்லி எல்லையில் அமர்ந்து திரும்பப் பெறச் செய்த விவசாயிகள் இயக்கம், அந்த ஒற்றுமைக்கான அடித்தளத்தை ஏற்கெனவே இட்டிருக்கிறது.

மூன்றாவது பணி சட்டம். 2017-இல் பிரான்ஸ் பெருநிறுவனங்களின் விநியோகச் சங்கிலி முழுவதற்கும் கண்காணிப்புக் கடமையைச் சட்டமாக்கியது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அத்தகைய ஆணையை நிறைவேற்றியது. மறு ஆண்டே தொழிலதிபர்களின் நெருக்குதலால் அதன் நடைமுறை தள்ளிப்போடப்பட்டது; நீர்க்கச் செய்யும் முன்மொழிவுகளும் வந்தன. விருப்பத்தின் பேரில் பொறுப்பேற்கத் துடித்த நிறுவனங்கள், அதே பொறுப்பு சட்டமானதும் சுமை என்று அலறின. பணிகள் எங்கே இருக்கின்றன என்பதை எதிரியின் அலறலே காட்டிக்கொடுக்கிறது. வாங்கும் நிறுவனம் தன் சங்கிலியின் கடைசிக் கூலிக்காரர் வரை சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும், ஆய்வாளர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும், ஆய்வில் சங்கப் பிரதிநிதி உடனிருக்க வேண்டும் என்பவை இந்தியாவில் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்.

1928-இல் சியெனாகா தொழிலாளரை நோக்கி, நீங்கள் எம் ஆள்கள் அல்லர் என்று கம்பெனி சொன்னது. இன்று சுர்காணாவிலிருந்து வரும் பெண்ணிடம் பேரங்காடி சொல்வதும் அதுவே. அந்தப் பெண்ணின் கையெழுத்து இடம்பெறாத எந்தத் தாளும் அவரைக் காக்காது. அக்கையெழுத்துக்கு இடம் பெற்றுத் தரும் சங்கத்தைத் தோட்டந்தோறும், பெட்டி அடைக்கும் கூடந்தோறும் கட்டுவோம்.